சும்மா சதுரம்

எங்கள் அலுவலகத்திலிருந்து கடல் நாலு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. மூன்றாவது மாடியில், கூட்ட அறையின் மேற்கு ஜன்னலைத் திறந்து இடுப்பை வளைத்து எட்டிப் பார்த்தால், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே விரற்கடை அகலத்துக்குத் தெரியும் என்று சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. ஜன்னலை மறைத்துக்கொண்டு ஓர் இரும்பு அலமாரி நிற்கிறது. அலமாரி நிறையக் கடலைப் பற்றிய கோப்புகள்தான் இருக்கின்றன என்பதால் யாரும் அதைக் குறை சொன்னதில்லை.

அலுவலகத்தின் பெயரை முழுதாகச் சொல்வதற்குள் மூச்சு வாங்கிவிடும். கடலடி வாழ்சூழல் மீட்பு மற்றும் தொடர் கண்காணிப்பு ஆராய்ச்சித் திட்ட மேலாண்மை அலுவலகம். பெயர்ப்பலகையில் இடம் போதாமல் கடைசிச் சொல்லை மட்டும் சுவரின் முனை தாண்டிப் பக்கத்துச் சந்தில் எழுதியிருக்கிறார்கள். முகவரி தேடி வருகிறவர்கள் சந்து வழியாக வந்தால், அது ஏதோ ஓர் அலுவலகம் என்பது வரைக்கும் புரிந்துகொள்ளலாம்.

இங்கே என் வேலை நாற்று வளர்ப்பது. வயல் நாற்று இல்லை, கடற்புல் நாற்று. கடலுக்கு அடியில், மணலில், புல் வளரும் என்பதே பல பேருக்குத் தெரியாது. எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு பேருக்குத் தெரியாது. அந்தப் புல் இருந்தால் மீன்குஞ்சு ஒதுங்கும், நண்டு வரும், தண்ணீர் தெளியும். எங்கள் விரிகுடாவில் ஒரு காலத்தில் அது படர்ந்து கிடந்தது. நங்கூரமும் இழுவலையுமாகச் சேர்ந்து கடலடியைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டன. அதைத் திரும்ப நட்டு வளர்ப்பதற்காகத்தான் இந்தத் திட்டம், இந்தக் கட்டடம், இந்த அலமாரி, நான்.

வாகனக் கொட்டகைக்குப் பின்னால் எனக்கு நாலு தொட்டி கொடுத்திருந்தார்கள். அதனால் எல்லோருக்கும் நான் தொட்டியக்கா. என்னைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இரண்டு பருவம், எங்கள் படகுக்காரரோடு தூரத்துக் கால்வாய் முகம் வரை போய், கரையொதுங்கிய புல்லிலிருந்து விதை பொறுக்கினேன். ஆயிரத்து நூற்று நாற்பது முளைத்தன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் உயரத்தில் இருந்தபோதிலிருந்து எனக்குத் தெரியும். என் கணவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவர். தொட்டித் தண்ணீரைக் குளிர வைக்கும் இயந்திரம் படுத்துக்கொள்ளும்போதெல்லாம் அவர்தான் வந்து எழுப்பிவிட்டுப் போவார்.

கடலடியில் இரண்டு சதுரங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் இருபது மீட்டருக்கு இருபது மீட்டர். சுற்றிலும் மஞ்சள் மிதவைகள். முதல் சதுரத்தில் நாற்று நடுவோம். இரண்டாம் சதுரத்தில் எதுவுமே செய்ய மாட்டோம். நட்ட இடமும் நடாத இடமும் எப்படி இருக்கின்றன என்று ஒப்பிட்டால்தான் நட்டதால் பலன் உண்டா என்று தெரியும். இது அறிவியல். இரண்டாம் சதுரத்துக்கு ஒப்பீட்டுச் சதுரம் என்று பெயர். அலுவலகத்தில் அதைச் சும்மா சதுரம் என்பார்கள். திட்ட வரைவில் அப்படி ஒன்று கட்டாயம் வேண்டும் என்று எழுதியது நான்தான். நல்ல எண்ணத்தோடுதான் எழுதினேன்.

முதல் சதுரத்தில் நட மொத்தம் பதினொரு அனுமதி வேண்டும். மூன்று வருஷத்தில் நாலு வந்திருந்தன. மிச்சத்தில் பெரியது நீரில் இறங்குவதற்கான பாதுகாப்புக் குழுவின் அனுமதி. அந்தக் குழுவில் நீரில் மூழ்கத் தெரிந்த ஒருவர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது விதி. அலுவலகத்திலேயே மூழ்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. ஆனால் விண்ணப்பம் போட்டவளும் நான் என்பதால் குழுவில் உட்காரக் கூடாது. ஆகவே குழு கூட முடியவில்லை. கூடாமலேயே அபாயங்களின் பட்டியல் ஒன்றை மட்டும் அனுப்பினார்கள். அதில் முதலாவது, நனைதல்.

மாதக் கடைசியில் மீளாய்வுக் கூட்டம் நடக்கும். எங்கள் திட்ட அதிகாரி ஒரு பெரிய அட்டவணையைத் திரையில் போடுவார். முடிந்தது பச்சை, தாமதம் மஞ்சள், தவறியது சிவப்பு. கட்டங்களுக்கு நிறம் அடிப்பது தவிர அவர் வேறு வேலை செய்து யாரும் பார்த்ததில்லை என்பதால் அவருக்குப் பெயின்டர் என்று பெயர் விழுந்துவிட்டது. மூன்று வருஷமாக முதல் சதுரத்தின் வரிசை முழுக்கச் சிவப்பு. அதற்குக் கீழே இரண்டாம் சதுரத்தின் வரிசை முழுக்கப் பச்சை. இலக்கு: எதுவும் செய்யாதிருத்தல். எட்டியது: நூறு சதவீதம். விபத்து இல்லை, தாமதம் இல்லை, விதிமீறல் இல்லை.

அப்படி ஒரு கூட்டத்தில் எங்கள் அலுவலக இயக்குநர் அந்தப் பச்சையைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு அழகா ஒரு வேலை நம்ம ஆபீஸ்ல நடந்துக்கிட்டு இருக்கு, எனக்கு யாருமே சொல்லலையே!" என்றார்.

"சார், அங்க ஒண்ணுமே நடக்கல. நடக்கக் கூடாதுங்கிறதுதான் ஏற்பாடு" என்றேன்.

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். சொன்னதை சொன்னபடி செய்யுறாங்க பாருங்க. மூணு வருஷம் ஒரு நாள் கூட தவறல. முதல் சதுரத்தை யாரு பாக்குறா?"

"நான்தான் சார்."

"ரெண்டாவதை?"

யாரும் பார்க்கவில்லை. அதற்கு ஆளே கிடையாது. பெயின்டர் மெல்லத் தொண்டையைச் செருமினார். அடுத்த வாரம் அவரை இரண்டாம் சதுரத்தின் பொறுப்பு அதிகாரியாக நியமித்து ஆணை வந்தது. அவருக்குக் கீழே இரண்டு உதவியாளர்கள், ஒரு கார், ஓட்டுநர். எதுவும் செய்யாதிருத்தலை நேரத்துக்குச் செய்து முடிக்க இவ்வளவு பேர் தேவைப்பட்டார்கள்.

அதன் பிறகு சும்மா சதுரத்துக்கு யோகம் அடித்தது. மற்ற அலுவலகங்களிலிருந்து ஆட்கள் கற்றுக்கொள்ள வந்தார்கள். சதுரத்தை நேரில் பார்ப்பது இடையூறு ஆகும் என்பதால் அதன் புகைப்படத்தைப் பார்த்தார்கள். வெறும் மணல். ஒரு குழு அதன் எதிரில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்து குறிப்பெடுத்தது. மூன்று நாள் பயிற்சி முகாம் ஒன்றும் நடந்தது. இயக்குநர் அதில் ஆற்றிய உரையை நான் பின்வரிசையில் இருந்து கேட்டேன்.

"நான் மனசுல பட்டதைப் பேசுறவன்" என்று ஆரம்பித்தார். "முப்பத்தொரு வருஷ சர்வீஸ். ஒரே ஒரு புகார் என் மேல உண்டா? கிடையாது. ஏன்? ஒரு காரியத்தைத் தொட்டாத்தானே அது கெடும்? இளம் விஞ்ஞானிகள் ஆர்வக்கோளாறுல கடல்ல போய் எதையாவது பண்ணிடுறாங்க. அப்புறம் அதுக்கு பதில் சொல்றது யாரு? கடலா வந்து சொல்லும்? நாமதான் சொல்லணும். கடலை நாம காப்பாத்தணும்னா முதல்ல நம்மளை நாம காப்பாத்திக்கணும்."

கைதட்டல் நிற்க நேரமாயிற்று. எனக்கு அன்று அவசரம். கடல் சூடாக இன்னும் ஏழு வாரம்தான் இருந்தது. சூடேறிய தண்ணீரில் நட்டால் வேர் பிடிக்காது. அடுத்த குளிர்காலம் வரை தொட்டியில் வைத்திருக்கவும் முடியாது. வேர்கள் ஏற்கெனவே நாற்றுத் தட்டின் அடியை முட்டி, சுற்றிச் சுற்றி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நின்றன. ஏழு வாரத்துக்குள் கடலுக்குப் போனால் பிழைக்கும், போகாவிட்டால் ஆயிரத்து நூற்று நாற்பதும் போய்விடும். இதை ஒரே பக்கத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதி இயக்குநரிடம் கொடுத்தேன்.

பதில் பத்து நாள் கழித்து வந்தது. என்னிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். 'அங்கீகரிக்கப்பட்ட கால அட்டவணைப்படி நாற்றுகள் நான்காம் ஆண்டின் இறுதியில்தான் இந்த உயரத்தை அடைய வேண்டும். முன் அனுமதி இன்றி மூன்றாம் ஆண்டிலேயே அடைந்திருப்பதற்கான காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கவும்.'

நான் என்ன எழுதுவது? வெயில்தான் காரணம் என்று எழுதினேன். விளையாட்டுக்கு எழுதவில்லை, உண்மையே அதுதான். அலுவலகத்தில் ஒரு பல்பு மாற்ற மூன்று மாதம் ஆகும். ஆனால் என் பதில் போன நாலாம் நாள் ஆட்கள் வந்து வாகனக் கொட்டகையின் தகரக் கூரையை நீட்டி, நாலு தொட்டிக்கும் நிழல் கட்டிவிட்டார்கள்.

என் கணவர் வந்து பார்த்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது யாரு ஐடியா?"

"நான்தான் காரணத்தை எழுதிக் குடுத்தேன்."

"உன்னை யாரு கேட்டதுக்கெல்லாம் உண்மையை எழுதச் சொன்னா?" என்றவர், மறுபேச்சில்லாமல் ஏணி எடுத்துவந்து தொட்டிகளுக்கு மேல் விளக்குகளைத் தொங்கவிட்டார். நாற்றுகள் அந்த வெளிச்சத்தில் தாக்குப்பிடித்தன. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கொட்டகையில் ஓட்டுநர்கள் உட்கார்ந்திருந்ததால் டீ மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

இதற்கிடையில் சும்மா சதுரத்தின் பெயர் ஒரு பெரிய விருதுக்குப் போனது. விண்ணப்பத்தோடு புதிய புகைப்படம் இணைக்க வேண்டுமாம். பெயின்டர் பொறுப்பேற்றதிலிருந்து இடையூறு கூடாது என்று பக்கத்தில் படகே விட்டதில்லை. பழைய படத்தையே தேதி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை அது செல்லாது என்றதும் என்னையும் படகுக்காரரையும் அனுப்பினார். சதுரத்துக்கு மேலே நிற்க வேண்டும், கயிற்றில் கேமராவை இறக்க வேண்டும், ஒன்றும் இல்லை என்று படம் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். தண்ணீரைத் தொடக் கூடாது.

காலை ஒன்பது மணி இருக்கும். நான் கயிற்றை விட்டேன். படகுக்காரர் கேமராவின் சின்னத் திரையைக் கையால் வெயில் மறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தங்கச்சி, கேமரா கண்ணாடியில பாசி படிஞ்சிருக்கா?"

"இல்லண்ணே, தொடச்சிட்டுத்தானே இறக்குனேன்."

"அப்ப இது என்ன பச்சையா தெரியுது?"

வாங்கிப் பார்த்தேன். புல். சின்னச் சின்னக் குத்தாக, இங்கொன்றும் அங்கொன்றுமாக, நீரோட்டத்தில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது. மஞ்சள் மிதவைகளைப் பார்த்து மூன்று வருஷமாக எந்தப் படகும் அங்கே நங்கூரம் போடவில்லை, எந்த வலையும் இழுபடவில்லை. எங்கிருந்தோ மிதந்து வந்த விதைகள், நீரோட்டம் எட்டாத முதல் சதுரத்தை விட்டுவிட்டு, இங்கே கிடைத்த இடத்தில் வேர்விட்டிருக்கின்றன. யாரும் ஒரு கையெழுத்தும் போடவில்லை.

"தங்கச்சி, அங்க பாரு, நண்டு!" என்றார் படகுக்காரர். அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "எங்கப்பா இங்க நண்டு புடிச்சாரு. நான் இந்த எடத்துல ஒண்ணு கூட பாத்ததில்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இல்லை. திரையில் ஒவ்வொன்றாக எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு குத்து. கரைக்கு வந்ததும் ஆட்டோ பிடித்து, மூன்று மாடியும் படியேறி ஓடி, இயக்குநர் மேசையில் படத்தை வைத்தேன்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று.

அரை மணி நேரத்தில் அவசரக் கூட்டம். பெயின்டருக்கு வியர்த்துக் கொட்டியது.

"உங்க பொறுப்புல இருக்கும்போது இது எப்படி வளந்துச்சு?" என்றார் இயக்குநர்.

"சார், நான் எதுவுமே பண்ணல சார். சத்தியமா பண்ணல."

"பண்ணாமயா இருநூத்திப் பன்னெண்டு வந்திருக்கு? அங்க இலக்கு என்ன? பூஜ்யம். இப்ப எவ்வளவு? விருதுக் குழு கேட்டா நான் என்ன சொல்றது, தானா வளந்துச்சுன்னா?"

"தானாத்தான் சார் வளந்துச்சு" என்றேன் நான். "இதுக்குத்தானே சார் திட்டமே. புல்லு திரும்பி வரணும்னுதானே..."

"வரலாம். வர வேண்டிய இடத்துல வரலாம்" என்றார் இயக்குநர் பொறுமையாக. "இது ஒப்பீட்டுச் சதுரம். இதுல புல்லு இருக்கக் கூடாதுன்னு வரைவுலயே இருக்கு." வரைவைத் திறந்து அந்த வரியைப் படித்தார். நான் எழுதிய வரிதான். எதுவும் நடப்படாத, வெற்று மணலாக உள்ள ஒரு சதுரம். இவ்வளவு தெளிவாக எழுதியிருக்க வேண்டாம் என்று அப்போது தோன்றியது.

தீர்மானம் பத்து நிமிஷத்தில் நிறைவேறியது. இரண்டாம் சதுரத்தை அதன் பழைய நிலைக்கு மீட்டெடுக்க வேண்டும். அதாவது, புல்லைப் பிடுங்க வேண்டும். திட்டம் தொடங்கியதிலிருந்து எங்கள் அலுவலகம் கையில் எடுத்த முதல் மீட்புப் பணி அது.

மூன்று வருஷமாக வராத அனுமதிகள் ஒரே பிற்பகலில் வந்தன. நான் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒவ்வொன்றாக மேலே போய்க் கையெழுத்தோடு கீழே வந்தன. பாதுகாப்புக் குழு, மூழ்கத் தெரிந்த உறுப்பினர் இல்லாமலேயே கூடிக் கலைந்தது. காற்று சிலிண்டர்கள் வந்தன. படகுக்குப் புது எஞ்சின் வந்தது. நனைதல் என்ற அபாயத்துக்கு எதிரே 'ஏற்கத்தக்கது' என்று எழுதியிருந்தார்கள். மூழ்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பது மட்டும் மாறவில்லை.

"என்னால முடியாது சார்" என்றேன்.

இயக்குநர் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"உங்க நாற்றை நடணுமா வேண்டாமா?"

"நடணும் சார். இன்னும் மூணு வாரம்தான் இருக்கு."

"நட்டது பலன் தருதான்னு எதோட ஒப்பிடுவீங்க? ஒப்பீட்டுச் சதுரத்துலயே புல்லு நின்னா முதல் சதுரத்துக்கு அனுமதி குடுக்க விதியில இடமே இல்ல. அது காலியானாத்தான் இது. இருநூத்திப் பன்னெண்டா, ஆயிரத்தி நூத்தி நாப்பதா? நீங்க விஞ்ஞானி, கணக்கு தெரியும். நீங்களே சொல்லுங்க."

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் திருப்புளியால் ஒரு பழைய விசிறியைத் தட்டிக்கொண்டிருந்தார். "அவங்க நட விடுவாங்கன்னு நம்புறியா?" என்று கேட்டார்.

"நம்பாம வேற என்ன பண்றது?"

அவர் விசிறியின் திருகைக் கழற்ற ஆரம்பித்தார்.

மறுநாள் இறங்கினேன். அங்கே மூன்று ஆள் ஆழம்தான். கடற்புல்லைப் பிடுங்குவது களை பிடுங்குவதுபோல இல்லை. மணலுக்கு அடியில் வேர் பக்கவாட்டில் ஓடும், விரலை விட்டுத் துழாவி அதன் போக்கிலேயே போய் எடுக்க வேண்டும். நல்ல வேர்கள். என் தொட்டியில் அப்படி ஒன்றுகூட வந்ததில்லை. ஒரு சின்ன மீன், சதுரத்தின் மூலையில் இருந்தது, நான் பிடுங்கப் பிடுங்க அடுத்த குத்துக்கு நகர்ந்துகொண்டே வந்தது. முகக் கண்ணாடிக்குள் அழுதால் துடைக்க வழியில்லை. கண்ணில் நிறைந்து, ஒன்றும் தெரியாமல், கையால் தடவித் தடவிப் பிடுங்கினேன்.

படகில் பெயின்டர் இரண்டு உயிர்காப்பு உடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடலுக்கு அவர் வருவது அதுதான் முதல் முறை. "இது இவ்வளவு ஆடும்னு எந்த ஃபைல்லயும் போடலையே" என்று படகுக்காரரிடம் முறையிட்டார். நான் கொண்டுவரும் ஒவ்வொரு குத்தையும் எண்ணிப் பையில் போட்டுச் சீல் வைத்தார். அவற்றை முதல் சதுரத்தில் கொண்டுபோய்ச் செருகிவிடலாம் என்று எனக்கிருந்த கடைசி ஆசையும் அந்தச் சீலோடு போயிற்று.

இருநூற்று எட்டோடு மேலே வந்து, முடிந்துவிட்டது என்றேன்.

அவர் தன் தாளைப் பார்த்தார். "இன்னும் நாலு இருக்கும்மா."

"மீன் தின்னிருக்கும்."

"மீன் தின்னதுக்கு தனியா சான்று வேணும்." அவர் கண்கள் கெஞ்சின. "என் வேலை போயிடும்மா. எனக்கும் குடும்பம் இருக்கு."

திரும்ப இறங்கினேன். மிச்சம் நாலில் ஒன்றின் அடியில்தான் அந்த மீன் இருந்தது.

அடுத்த வாரக் கூட்டத்தில் இரண்டாம் சதுரத்தின் வரிசை மறுபடியும் முழுப் பச்சை. எல்லோரும் கைதட்டினார்கள். நான் காத்திருந்துவிட்டு எழுந்தேன்.

"சார், முதல் சதுரத்துக்கு அனுமதி. இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு."

"அதுக்கு இனிமே அவசியம் இல்லம்மா" என்றார் இயக்குநர். குரலில் மகிழ்ச்சி. "யோசிச்சுப் பாருங்க. சும்மா விட்டாலே மூணு வருஷத்துல இருநூத்திப் பன்னெண்டு வளருதுன்னு நீங்களே நிரூபிச்சிட்டீங்க. அப்புறம் எதுக்கு நடணும்? இது நம்ம திட்டத்தோட மிக முக்கியமான கண்டுபிடிப்பு. உங்க பேரையும் அறிக்கையில சேக்கச் சொல்லியிருக்கேன்."

"தானா வளந்ததை ஏன் சார் அப்ப புடுங்குனோம்?"

"ஒப்பீட்டுக்காக."

"எதோட ஒப்பிட?"

"முதல் சதுரத்தோட."

"அதுல நடவே இல்லையே சார்."

"ஆமா. அதனாலதான் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. ஒப்பீடு எவ்வளவு சுத்தமா வந்திருக்கு பாருங்க!"

பெயின்டர் ஓர் அழுத்தலில் முதல் சதுரத்தின் சிவப்பு வரிசையைப் பச்சையாக்கினார். இனிமேல் அதுவும் சும்மா சதுரம்தான். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகத் திரையில் ஒரு சிவப்புக் கட்டம்கூட இல்லை. அறை முழுக்க ஒரு நிம்மதி பரவியது. தொட்டிகளை அந்த மாதத்துக்குள் காலி செய்துவிடும்படி எனக்குக் கடிதம் வந்தது.

படகுக்காரரும் கணவரும் நானும் கொட்டகைக்குப் பின்னால் நின்று பேசினோம்.

"ஞாயித்துக்கிழமை ஆபீஸ் லீவு" என்றார் படகுக்காரர். "என் சொந்தப் படகுல ஏத்திடுவோம் தங்கச்சி. மூச்சை அடக்கி முங்கியே நானும் நூறு இருநூறு நடுவேன். மிதவைக்குள்ள நட்டுட்டா யாரும் நங்கூரம் போட மாட்டான். அப்புறம் கடல் பாத்துக்கும்."

கணவர் ஐஸ் பெட்டிகள் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். அன்று செவ்வாய்க்கிழமை. அந்த மூன்று நாளும் நான் நடந்தேனா பறந்தேனா என்று தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை கொட்டகையில் ஒரு லாரி வந்து நின்றது. அட்டைப் பெட்டிகள் இறங்கின. திறந்து பார்த்தேன், கண்ணாடி பாட்டில்கள். எனக்கு விஷயம் புரிவதற்குள் பெயின்டர் ஓடிவந்தார்.

"விருது கிடைச்சிருச்சும்மா! நாளைக்கே விழா. ஆயிரம் பேருக்கு மேல வராங்க. வர்றவங்களுக்கு நினைவுப் பரிசா என்ன குடுக்கலாம்னு இயக்குநர் யோசிச்சாரு. தொட்டி எப்படியும் காலி பண்ணத்தானே போறோம்? ஆளுக்கு ஒரு நாற்று."

நான் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இதை பாட்டில்ல போட்டா செத்துடும்."

"விழா முடியுற வரைக்கும் இருந்தாப் போதும்."

"கடல் தண்ணியாவது ஊத்துங்க. ரெண்டு நாள் தாங்கும்."

"கடல் தண்ணி வாடை அடிக்கும்மா. முக்கியமானவங்க வர்ற இடம். சுத்திகரிச்ச குடிதண்ணிக்கு சொல்லியாச்சு."

கடல் தாவரத்துக்கு நல்ல தண்ணீர் விஷம் என்று சொன்னேன். நல்ல தண்ணீர் எப்படி விஷமாகும் என்று அவர் உண்மையிலேயே குழம்பிப்போனார். இயக்குநரைப் பார்க்கப் போனேன். அவர் விழா உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். கதவு சாத்தியிருந்தது. நாற்றுகளைப் பிரிக்க ஆறு பேரை அழைத்து வந்திருந்தார்கள். அவர்கள் பின்னிய வேர்களைக் கொத்தாகப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார்கள். அதைப் பார்க்கப் பொறுக்காமல், "தள்ளுங்க, நான் எடுத்துத் தரேன்" என்று நானே கையை விட்டேன். ஒவ்வொரு வேராகப் பிரித்து, ஒரு நுனிகூட அறுபடாமல், ஆயிரத்து நூற்று நாற்பதையும் நானே பாட்டிலில் போட்டேன். மாலை ஆகிவிட்டது. கணவர் ஐஸ் பெட்டிகளோடு வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, மூடிகளைத் திருகிக் கொடுத்தார்.

பாட்டிலின் மேல் ஒட்டும் தாளில் 'இதைக் கடலில் சேர்க்கவும்' என்று அச்சிடச் சொல்லிக் கேட்டேன். அது அனுமதி பெறாத நடவு ஆகும் என்று பெயின்டர் மறுத்துவிட்டார். தாளில் அலுவலகத்தின் பெயரைப் போட்டார்கள். முழுப் பெயர் என்பதால் தாள் பாட்டிலைச் சுற்றி வந்து, உள்ளே இருந்த நாற்றை மறைத்துவிட்டது.

விழா நன்றாகவே நடந்தது. மேடைக்குப் பின்னால் வெறும் மணலின் படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். இயக்குநர் கேடயம் வாங்கினார். அதே உரை, முப்பத்தொரு வருஷ சர்வீஸ். பிறகு நினைவுப் பரிசு. தலைமை விருந்தினருக்கு மட்டும் தாள் ஒட்டாத பாட்டில், நான் கையால் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. தூக்கிப் பார்த்தேன். இலை நுனிகள் அதற்குள் பழுத்து வெளுக்க ஆரம்பித்திருந்தன. மேடையில் ஏறிக் கொடுத்தேன்.

அவர் நல்ல மனிதராகத்தான் இருந்தார். பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி ஆசையாகப் பார்த்தார். ஒலிவாங்கி அவர் சட்டையில் இருந்தது, அரங்கம் முழுக்கக் கேட்டது.

"ரொம்ப அழகா இருக்கும்மா. இதை எங்க வெச்சா நல்லா இருக்கும்?"

"கடல்ல சார்" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். "உங்க ஸ்டாஃபுக்கு நல்ல நகைச்சுவை உணர்வு இருக்கு" என்று இயக்குநரின் தோளைத் தட்டினார். இயக்குநரும் சிரித்தார், பெயின்டரும் சிரித்தார், ஆயிரம் பேரும் சிரித்துக் கைதட்டினார்கள். கைதட்டல் நிற்கிற வழியாக இல்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் சும்மா நிற்பது மரியாதையாகப் படவில்லை. நானும் தட்டினேன்.